பெயர் வெட்டிய பாத்திரங்கள்

சேக் மைதீனுக்கு எதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். அரபு நாட்டில், தம்மாமில் தொழிலாளர் முகாம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர்; இருநூற்று நாற்பது பேருடைய சோற்றுப் பாத்திரங்களை ஒன்றுகூட மாறாமல் பிரித்துக் கொடுத்தவர். விடுமுறைக்குத் தேங்காய்ப்பட்டணம் வரும்போதும், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எழுதிய தாளொன்று பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். ஐம்பத்து நான்காம் வயதில் ஊர் திரும்பி, வடசேரியிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவிலுள்ள தென்றல் நகரில் வீடு கட்டியபோதும் பட்டியல் போட்டுத்தான் கட்டினார். காற்று, வெளிச்சம், ஆறடி மதில், நான்கு கேமரா, கார் நிறுத்த இடம், மூன்று குளியலறை. பட்டியலில் இருந்த எல்லாமே வந்து சேர்ந்தன. அடுத்த வீட்டுக்காரர் என்ற ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை. அது வீட்டோடு சேர்ந்து தானே வரும் என்று நினைத்திருந்தார்.

அவருடைய மனைவி மைமூன் பீவி அதுவரை வாழ்ந்தது தேங்காய்ப்பட்டணத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு தெருவில். அங்கே ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்கு வீடுகளில் தும்முவார்கள். தீப்பெட்டி கேட்டு வந்தவர் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போவார். தென்றல் நகருக்குக் குடிவந்த ஏழு மாதத்தில் அழைப்பு மணியை அழுத்தியவர்கள் எரிவாயு உருளை கொண்டுவருபவரும் கூரியர்காரரும்தான். மைமூன் அடுக்களையில் மாட்டியிருந்த கேமராத் திரையைத் தொடர் நாடகம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா உயரத்தில் இருந்ததால் தெருக்காரர்களின் உச்சந்தலைகள் எல்லாம் அவளுக்கு அடையாளம் தெரியும், முகங்கள் தெரியாது.

“கேட்டியளா, அந்த வழுக்கத் தலைக்காரர் இன்னைக்கு நடக்கப் போகல்ல. சீக்கா இருக்குமோ?”

“போயிக் கேக்க வேண்டியதுதானே?”

“என்ன சொல்லிக் கேப்பேன்? ஒங்க தலைய எனக்கு நல்லாத் தெரியும்னா?”

அவளுக்குத் தூக்கம் குறைந்தது. இரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். “உப்பு எங்க கூடிச்சு? பேச்சுல்லா கொறஞ்சு போச்சு” என்று திரும்பும் வழியெல்லாம் காரில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ரம்சான் தொடங்குவதற்கு முந்தின நாள் தேங்காய்ப்பட்டணம் போய், காக்கா என்று அவள் அழைக்கும் அண்ணன் முஹம்மது ஷரீஃபின் வீட்டிலிருந்து பெரிய செம்பு ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். நாற்பது வீட்டுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிய செம்பு அது. அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னாள்.

“பெருநாளுக்கு மறுநாள் செம்பு காக்கா வீட்டுக்குத் திரும்பிப் போகணும். அதுக்குள்ள இந்தத் தெருவுல உள்ள ஒரு ஆளாவது நம்ம அடுக்களையில வந்து இருந்து பேசினா, நான் இஞ்ச இருக்கேன். இல்லேன்னா செம்போட நானும் போறேன். நீங்க கேமராவப் பாத்துக்கிட்டு இருங்க.”

விளையாட்டுப் பேச்சன்று என்பது மைதீனுக்கு விளங்கியது. கடிதத்திலும் பிறகு கைப்பேசியிலுமாக இருபத்தாறு ஆண்டுகள் நடந்த குடும்பம். ஒரே கூரையின்கீழ் முழுதாக வாழ்ந்தது இந்த ஏழு மாதம்தான். பழைய வீடு அவருடைய தம்பிக்குப் போய்விட்டது. அண்ணன் வீட்டில் மைமூனுக்கு ஓர் அறை உண்டு; மைதீனுக்கு அங்கே விருந்தாளியின் நாற்காலிதான். செம்பு போகிற ஆட்டோவில் அவளும் ஏறிவிட்டால், மறுபடியும் கைப்பேசித் திரையில்தான் மனைவி.

முதல் நோன்பன்று மைமூன் கஞ்சி காய்ச்சினாள். அவளுக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று. அது தெருவின் அளவு. பச்சரிசியும் சிறுபருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து செம்பின் கழுத்து வரை பொங்கி நின்றபோது, அதைக் குடிக்க வீட்டில் இருந்தவர்கள் இருவர். மைதீன் வீட்டிலிருந்த பாத்திரங்களில் ஊற்றிப் பதினோரு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோரும் சிரித்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பதினோரு பாத்திரங்களும் பளபளவெனக் கழுவப்பட்டு, பைகளில் கேட்டில் தொங்கின. நோன்பு வைத்திருப்பவர்களை மணியடித்துத் தொந்தரவு செய்யலாகாது என்று அவர்கள் கருதினார்கள் என்பது பிற்பாடு தெரிந்த செய்தி.

“பதினோரு பாத்திரம் வந்திருக்கு. ஒரு மனுசர் வரல்ல” என்றாள் மைமூன்.

மூன்று நாள் இப்படியே கழிந்தது. நான்காம் நாள் மைதீனுக்குள் இருந்த மேற்பார்வையாளர் விழித்துக்கொண்டார். அவரவர் பாத்திரத்தை அவரவரே கொண்டுவரட்டும். வந்தால் நின்று பேசத்தானே வேண்டும்? காலை வணக்கப் பூக்கள் மட்டுமே பூத்துக்கொண்டிருந்த தென்றல் நகர் வாட்ஸ்அப் குழுவில், அன்று நண்பகல், “இன்று நோன்புக் கஞ்சி உண்டு. பாத்திரத்துடன் மாலை ஐந்துக்குள் வரவும்” என்று எழுதினார். ஐந்து மணிக்குப் பாத்திரங்கள் வந்தன. வந்தவர்கள் மதிலோரம் வைத்துவிட்டு, கைகாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மைதீன் சளைக்கவில்லை. கேமராத் திரையைப் பார்த்து எது எந்த வீட்டுப் பாத்திரம் என்று பட்டியல் எழுதி, ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒட்டுத்தாளை ஒட்டினார்.

தம்மாம் முகாமில் எண்களைப் பெயின்டால் எழுதுவார்கள். தாளுக்கும் ஆவிக்கும் ஆகாது என்பது அவர் பட்டியலில் இல்லை. கொதிக்கும் கஞ்சியை ஊற்றி மூடியபோது தாள்கள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் ஒட்டிக்கொண்டன. நோன்பு திறக்க இருபது நிமிடமே இருந்தது.

“இனி என்ன செய்யது?” என்றாள் மைமூன்.

“பேரு வெட்டியிருக்குல்லா? பாத்துக் குடுத்துருவேன்.”

நம் வீடுகளில் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர், அதை வைத்திருப்பவருடையதன்று, கொடுத்தவருடையது. திருமணத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ பாத்திரம் வாங்குகிறவர் கடையிலேயே தம் பெயரை வெட்டச் சொல்லித்தான் எடுத்துப் போவார். மைதீன் இதை அறியாதவரல்லர். அவர் வீட்டுப் பாத்திரங்களில் பாதி அவருடைய மச்சான்மார் பெயர்களைத்தான் தாங்கியிருந்தன. ஆயினும் பொழுது சாய்கிற நேரத்தில், காய்ந்த வயிற்றோடு, பதினோரு பாத்திரங்களுக்கு நடுவில் நின்ற மனிதருக்கு அது நினைவுக்கு வரவில்லை. ‘ஆன்ட்ரூஸ்’ என்று வெட்டியிருந்த தூக்குவாளியை ஆன்ட்ரூஸ் என்று பலகை தொங்கிய வீட்டில் கொடுத்தார். பெயர் பொருந்தாதவற்றை உத்தேசமாகக் கொடுத்துவிட்டு, பாங்கு சொல்லும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

பேரீச்சம்பழம் தின்று, தொழுது, இரண்டாவது கோப்பைக் கஞ்சியைக் கையில் எடுத்தபோது கேமராத் திரையில் அந்த வழுக்கைத் தலை தோன்றியது. மைதீன் வாசலுக்குப் போனார். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆன்ட்ரூஸ் தெருவில் நின்றார். கையில் அந்தத் தூக்குவாளி.

“பாய், இத எனக்க வீட்டுல தரச்சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல்ல சார். ஒங்க பேரு கெடந்துது.”

“எனக்க பேருதான். நான் குடுத்ததுதான். எதிர்வீட்டுச் சகாயம் பால் காய்ச்சினப்போ நானும் எனக்க வீட்டுக்காரியும் கொண்டுபோயிக் குடுத்தோம்.” அவர் குரல் இறங்கியது. “கார் ஏத்ததுக்குன்னு வாசல ஒசத்திக் கெட்டி, மழத்தண்ணிய எனக்க நடைக்குத் திருப்பி விட்டான். ஏம்லேன்னு கேட்டேன். அதுல இருந்து மூணு வருசமா பேச்சில்ல. செரி, போட்டும்னு இருந்தேன். இப்போ தந்தத உம்ம கையில குடுத்துத் திருப்பி விட்டுட்டானே!”

மைதீன் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். மனைவிக்கு ஓர் ஆள் தேடப் போய், இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த பகையை இன்னும் மூட்டியாயிற்று. கொடுத்த பரிசு திரும்பி வருவதென்றால் உறவு முறிந்தது என்று பொருள். இது உள்ளே கேட்டால், பெருநாள் வரைகூட வேண்டாம், மைமூன் இன்றைக்கே செம்பைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள்.

“சார், அது அப்படியில்ல, நான்தான்…” என்று அவர் தொடங்குவதற்குள் ஆன்ட்ரூஸின் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வடசேரியில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் சகாயம் லுங்கியும் பனியனுமாக, ஒரு சம்புடத்தை ஏந்திக்கொண்டு வந்தார்.

“பாய்! இது யாருக்க சாதனம்? எனக்க தூக்கு எங்க? நாளைக்குக் காலத்த பால் வாங்க அது இல்லேன்னா சிந்தியா எனக்க தலையத் தின்னுருவா. பிடியில நீலக் கம்பி சுத்தினது…”

அப்போதுதான் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தார். பார்த்ததும் நின்றுவிட்டார்.

அவர்கள் நின்ற இடத்துத் தெருவிளக்கு எரிந்து ஓராண்டு ஆகிறது. ஆன்ட்ரூஸ் கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்குவாளியின்மேல் அடித்தார். பிடியில் நீல மின்கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. மூடி ஓரிடத்தில் நெளிந்து, தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. அடிப்பாகம் தேய்ந்து மங்கியிருந்தது. பரணில் தூங்கிய பாத்திரம் அப்படி இருக்காது.

“தெனமுமா எடுக்க இத?”

“ஏழு வருசமா சார். பிடி சுடுதுன்னு நான்தான் கம்பி சுத்திக் குடுத்தேன்.”

“எனக்க மேல கோவம்னா தூக்கித் தூரப் போட வேண்டியதுதானே?”

“வாசத்தண்ணி வழக்கு வேற, வீட்டுப் பால் வேற சார்.”

ஆன்ட்ரூஸ் பெயர் வெட்டிய இடத்தை விரலால் தடவினார். “பேரு பாதி அழிஞ்சு போச்சே லே.”

“வெட்டினவன் ஆழமா வெட்டல்ல.”

“ஆழமா வெட்டணும்னா எழுத்துக்குக் கூடுதல் கேட்டான். நான் வேண்டாம்னுட்டேன்.”

“அதான பாத்தேன்!” என்றார் சகாயம். மூன்றாண்டுக்குப் பிறகு ஆன்ட்ரூஸ் சிரித்த சிரிப்பில் கஞ்சி தளும்பி அவர் காலில் சிந்தியது.

அதற்குள் மற்ற வீடுகளின் கதவுகளும் திறந்திருந்தன. மாறிவந்த பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்தனர். மூலைவீட்டுத் தாணம்மாள் ஒரு வாளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கருங்கல் சேவியர்னு போட்டிருக்கு. நான் எந்தச் சேவியருக்க கல்யாணத்துக்கும் போகல்லியே!”

“அது எங்க மாமா! நான் கோயில்ல மொதல் நன்மை எடுத்தப்போ, எனக்க புதுநன்மைக்குத் தந்தது” என்று கடைசி வீட்டுப் பிரீனா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். “கருங்கல்ல உள்ள ஒங்க மாமாவா? ரப்பர் வெட்டுவாரே, அவரா?” என்று வேறொருவர் கேட்டார். பாத்திரங்கள் கைமாறக் கைமாற, யார் யாருக்குச் சொந்தம், யார் வீட்டுத் திருமணம் எந்த ஆண்டு நடந்தது என்ற செய்திகளும் கைமாறின.

சத்தம் கேட்டு மைமூன் முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலுக்கு வந்தாள். தாணம்மாள் அவளைக் கண்டதும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கேக்கேன்னு ஒண்ணும் நெனைக்காதம்மா. கஞ்சியில எறச்சி கெடக்குமா? நாலு நாளா மணம் மூக்கத் துளைக்கி. யாருட்ட கேக்க? குடிக்காம பயந்து ஃபிரிட்ஜுல மாத்தி வச்சிருக்கேன்.”

“எம்மா! நாலு நாளாவா? வெந்தயமும் தேங்காப்பாலும்தான் அக்கா, வேற ஒண்ணும் இல்ல. ஆறிப்போனத ஏன் குடிக்கணும்? வாருங்க உள்ள, சூடா இருக்கு.”

தாணம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தூக்குவாளியில் கஞ்சி குறைந்துவிட்டது என்று சகாயத்தின் மனைவி சிந்தியாவும் பின்னாலே போனாள். பிரீனா எதற்குப் போனாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

வெளியே ஆண்கள் தலைக்கு மேலே இருட்டாய் நின்ற விளக்கைக் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் மனுக் கொடுத்திருப்பார் என்று எண்ணியே ஓராண்டு இருட்டில் நடந்திருக்கிறார்கள். “செயலாளர் இருக்கும்போது மனுவுக்கு என்ன பஞ்சம்?” என்று சகாயம் சொல்ல, ஆன்ட்ரூஸ் மைதீனுடைய பட்டியல் தாளையே வாங்கி, அதன் பின்பக்கத்தில் ‘பெறுநர்’ என்று எழுதத் தொடங்கினார். மைதீனுக்கு அந்த மனுவில் ஒரு சொல்லும் மனத்தில் ஏறவில்லை. உள்ளிருந்து மைமூனின் சிரிப்புக் கேட்டது. பெரிய, நீளமான, மூச்சு வாங்குகிற சிரிப்பு. ஏழு மாதமாக அந்த வீட்டில் இல்லாதது என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மாலை அவர் அழியாத மை கொண்ட பேனா ஒன்றை வாங்கி வந்தார். மைமூன் அதைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

“நம்பர் ஒண்ணும் எழுதாண்டாம். மாறினா மாறட்டும். வந்து மாத்திக்கிடுவாவ.”

தெருவிளக்கு பதினெட்டாம் நோன்பன்று எரிந்தது. சகாயத்தின் வாசல் இன்றும் அதே உயரந்தான். மழைக்காலத்துக்கு முன் அடியில் குழாய் பதிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆன்ட்ரூஸ் அதை எழுதி வாங்கவில்லை. ஆனால் நாள்தோறும் நடைபோகும்போது குழாய் வந்துவிட்டதா என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. மைதீன் செம்பைத் தூக்கிப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி மனைவியின் கையைப் பார்த்தார். அவள் கையில் பெட்டி இல்லை. ஆன்ட்ரூஸ் வீட்டுப் பலாப்பழம் பாதி இருந்தது. தாணம்மாள் கொடுத்த முறுக்குப் பொதியும், சிந்தியா செய்த அச்சப்பமும் இருந்தன. எல்லாவற்றையும் செம்புக்குள் அடுக்கி மூடினாள்.

“காக்கா வீட்டுல எறக்கிக் குடுத்துருங்க. சும்மா திருப்பி விடல்லன்னு சொல்லுங்க” என்று ஓட்டுநரிடம் சொன்னாள். ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் கணவரைப் பார்த்தாள். “நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கியோ? வண்டிய எடுங்க. வடசேரி போயி நமக்கு ஒரு செம்பு வாங்கணும். இதவிடப் பெருசா.”