முந்நூறு டொலர் முகம்

பங்கு பிரித்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆரோ என்னை ஏமாற்றிப்போட்டது மாதிரிக் கதை போய்விடும்.

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் தெருவில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், ஒஷாவாவில் மகளோடு போயிருக்கப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை எல்லாம் கராஜ் வாசலில் பரப்பி விற்றார். அப்பாவுக்குக் கராஜ் சேல் என்றால் தேர்த்திருவிழா மாதிரி. ஒன்றும் வாங்காவிட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். அன்றைக்கு இரண்டு டொலர் கொடுத்து ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். பெட்டி நிறையப் பேஸ்போல் கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுக்காரனின் படம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல எண்கள்.

"படம் போட்ட மட்டைக்கு ரெண்டு டொலரோ? அப்ப நாங்கள் எறிஞ்ச கலண்டருகளை வித்தே இன்னொரு வீடு வாங்கியிருக்கலாம்" என்றார் அம்மா. அப்பா அதைக் காதில் விழுத்தாமல், "பிள்ளையள் ரெண்டுபேரும் பிரிச்செடுங்கோ, சண்டை பிடிக்கக் கூடாது" என்றார்.

பிள்ளைகள் இரண்டு பேர் என்றால், நானும் சித்தியின் மகளும். எனக்குப் பதினொரு வயது, அவளுக்குப் பத்து. சித்தியும் அவளும் ஊரிலிருந்து வந்து எங்கள் பேஸ்மென்றில் இருந்தார்கள். சித்தப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவள் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற அன்ரிமார் எல்லாரும் அவளுடைய தலையைத் தடவி, "பாவம் பிள்ளை" என்பார்கள். ஒரு ஆளாவது என்னையும் பாவம் என்று சொல்லாதா என்று நான் பக்கத்தில் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். "இவளுக்கென்ன, நல்லாத் திண்டு கொழுத்துப்போய் நிக்கிறாள்" என்பார் அம்மா. அம்மா தலை பின்னினால் முதலில் அவளுக்கு. அப்பா தோடம்பழம் உரித்தால் முதல் சுளை அவளுக்கு. நான் கத்தரிக்காயை ஒதுக்கினால், "அவளைப் பார், குடுத்ததைச் சாப்பிட்டுட்டு எவ்வளவு அமைதியா இருக்கிறாள்" என்று ஒரு இடி எனக்கு. அவள் அமைதியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கத்திச் சண்டைபிடிக்கிற பிள்ளையென்றால் வென்றுவிடலாம்.

ஆகவே, பங்கு பிரிப்பில் என்றாலும் வெல்லவேண்டும் என்று முடிவு கட்டினேன். பளபளவென்று மினுங்குகிறவை, பல்லுத்தெரியச் சிரிக்கிற முகங்கள், பொன்னிற எழுத்துப் போட்டவை எல்லாவற்றையும் ஒரு குவியலாக அடுக்கினேன். மங்கிப்போனவை, தடித்த மட்டையில் அச்சடித்தவை, அழுவாரைப்போல முகத்தை வைத்திருக்கிற கிழட்டுப் படங்கள் எல்லாம் மற்றக் குவியல். "நான்தான் மூத்தவள், நான் முதல் எடுப்பன்" என்று மினுங்குகிற குவியலை இழுத்துக்கொண்டேன். அவள் "ஓம் அக்கா" என்று மற்றதை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அப்பா மீன் வாங்கப் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். மீன்கடை இருந்த பிளாசாவிலேயே, பல் டொக்டருக்கும் சாரிக்கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கார்ட் கடை இருந்தது. அப்பா மீனுக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் எங்கள் குவியல்களோடு உள்ளே போனோம். கடைக்காரர் என்னுடைய குவியலைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒருதரம் விரித்தார், மூடினார். இவையெல்லாம் இலட்சக்கணக்கில் அச்சடித்தவை, ஒவ்வொரு வீட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கிறது, எல்லாமாகச் சேர்த்து ஒரு டொலர் தரலாம் என்றார். பெட்டிக்கு அப்பா கொடுத்த காசில் பாதி.

பிறகு அவளுடைய கிழட்டு முகங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஐந்தாவதோ ஆறாவதோ கார்டில் கை நின்றது. மேசை லாச்சியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, தங்கம் பார்க்கிற பத்தரைப்போலக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். நாலு மூலையும் பார்த்தார். படம் நடுவில் இருக்கிறதா என்று ஓரத்து வெள்ளையை அளந்தார். வெளிச்சத்தில் சரித்து மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். விலைப்பட்டியல் போட்ட தடித்த சஞ்சிகை ஒன்றைப் புரட்டி, சின்ன எழுத்தில் விரலை வைத்துச் சொன்னார்: இந்த ஆள் விளையாட வந்த முதல் வருடத்துக் கார்ட் இது. இப்படியே இருந்தால் முந்நூறு டொலர். வாங்கக்கூடிய ஒருவர் அடுத்த சனிக்கிழமை வருவார், கொண்டு வாருங்கள்.

முந்நூறு டொலர். எனக்குக் காது இரண்டும் சுட்டது. என்னுடைய கையால் ஒதுக்கித் தள்ளிய முகம் அது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. ஒரு விரலை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். விளிம்பில் மட்டும் பிடிக்கவேண்டும். துடைக்கக் கூடாது. ஓரம் வெட்டக் கூடாது. ஒட்டக் கூடாது. முக்கியமாக, சூட்டில் பிளாஸ்ரிக் உறை ஒட்டி லமினேற் செய்யக் கூடாது, செய்தால் ஒரு சதமும் பெறாது. எல்லாம் ஆங்கிலத்தில். அவள் பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. வீட்டிலும் கடையிலும் அவளுக்கும் சித்திக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். "முந்நூறு டொலராம். அடுத்த சனிக்கிழமை கொண்டு வரட்டாம்" என்றேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

காரில் அவள் அந்தக் கார்டை இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் சொன்னது அவளுக்கு முழுக்க விளங்கியிருக்கிறது என்று இன்றைக்கு எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். அன்றைக்கு, புதுப்பணக்காரி பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

இனி அந்த முந்நூறு டொலரின் கதை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் சேர்த்து ஒரே வகுப்பாக வைத்திருந்தார்கள். அதனால் அங்கேயும் அவள் என்னோடுதான். அந்த வகுப்பை வடக்கே ஒரு ஏரிக்கரைக்கு மூன்று நாள் காம்ப் கூட்டிப் போக இருந்தார்கள். "காம்ப்புக்கோ? பிள்ளையளையோ?" என்று சித்தி முதலில் நெஞ்சில் கைவைத்தார். ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆமிக்காரர்தான் அர்த்தம். விளங்கப்படுத்திய பிறகு கட்டணத்தைக் கேட்டு இன்னொருதரம் நெஞ்சில் கைவைத்தார். அப்பா தான் கட்டுவதாகச் சொன்னார். சித்தி மறுத்துவிட்டார். "அத்தான், இருக்க இடம் தந்திருக்கிறியள். அதுக்கு மேல கேட்டால் எனக்குச் சோறு இறங்காது."

எனக்கோ உள்ளுக்குள் பொங்கல். மூன்று நாள். அவள் இல்லாத மூன்று நாள். வகுப்பில் இருந்த பெட்டையள் எல்லாம் எனக்கு மட்டும் கூட்டாளிகளாக இருக்கப் போகிற மூன்று நாள். அதற்குள் இந்தக் கிழட்டு முகம் வந்து குறுக்கே விழுந்துவிட்டது. கார்ட் விற்றால் அவளும் வருவாள். கீழே பேஸ்மென்றில் அவள் காம்ப்புக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை ஒவ்வொரு நாளும் எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். இல்லாத ரோச் லைற்றுக்கும் இல்லாத மழைக்கோட்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை சித்தி பேக்கரி வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் என்னை மறித்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சித்தியின் கையில் அந்தக் கார்ட்.

இங்கே சித்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து கடல்நீரேரியைத் தாண்டும்போது சித்தியின் பத்திரங்கள் இருந்த பை நனைந்து, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சோதனை முடிவு, கலியாணப் பதிவு எல்லாம் கூழாகிவிட்டன. தான்தான் தான் என்று நிரூபிக்க ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கியவர். கனடாவுக்கு வந்ததும் கையில் கிடைத்த கடதாசியை எல்லாம் லமினேற் செய்தார். தடுப்பூசிக் கார்ட், பஸ் நேர அட்டவணை, பள்ளிக்கூடத்தில் பீட்சா கொடுக்கிற நாட்களின் பட்டியல் கூட. போட்டோக்கொப்பிக் கடை அண்ணை, "அக்கா, உங்களையும் ஒருக்கா உள்ளுக்கை விட்டு எடுத்துத் தரட்டோ? கனகாலம் இருப்பியள்" என்று பகிடி பண்ணுவாராம்.

"பிள்ளை, உதை இப்பிடி வெறுமனே வைச்சிருக்கலாமோ? தண்ணி கிண்ணி பட்டால்? கடைக்காரர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார் சித்தி.

"கவனமா வைச்சிருக்கட்டாம், சித்தி."

"அப்ப லமினேற் பண்ணுவிக்கட்டோ?"

குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"ஓம்" என்றேன்.

சித்திக்கு முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். பேக்கரி மாவின் மணம் அன்று பின்னேரம்வரை என் கன்னத்தில் இருந்தது போலிருந்தது.

சனிக்கிழமை கடையில் வாங்குகிறவர் வந்து கதிரையில் இருந்தார். அவள் பள்ளிக்கூடப் பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். 'டக்' என்று பிளாஸ்ரிக் சத்தம். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுக்க லாச்சியைத் திறந்தவர், எடுக்காமலே மூடினார். வாங்க வந்தவர் ஒரு பெருமூச்சு விட்டு எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். இனிமேல் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைக்கலாம், என்றார் கடைக்காரர் மெல்ல. சொல்லியிருந்தேனே என்று அவர் என்னைத்தான் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய விளையாட்டுச் சட்டைகளின் இலக்கங்களை வாசித்தேன்.

அவள் அழவில்லை. கார்டை எடுத்துப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். வெளியே வந்ததும், "அம்மாவுக்கு நான் சொல்லுறன், அக்கா. நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றாள். அதிகாரம் பண்ணுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பேஸ்மென்றில் கதைப்பது ஹீற்றர் துவாரம் வழியாக என் அறைக்குக் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் தரையில் காதை வைத்துக்கொண்டு படுத்தேன். சித்தி என் பெயரைச் சொல்லி மேலே ஏறி வரப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடைக்காரர் முதலே சொல்லேல்லை, அம்மா" என்று அவளுடைய குரல் வந்தது. "அக்கா வடிவாத்தான் கேட்டவ. அவருக்கே பிறகுதானாம் தெரியும்."

சித்தி கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ரை கையாலதானே கெடுத்தன், குஞ்சு" என்றார். "இல்லையம்மா, இல்லையம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தரையில் கிடந்தபடி நான் பெரிதாக மூச்சு விட்டேன். நல்லகாலம், இவளுக்கு ஆங்கிலம் ஒன்றும் விளங்கவில்லை, தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதோடு ஒரு இளக்காரமும். இவ்வளவு மொக்கையோ இவள்!

காம்ப்புக்குப் போனேன். முதல்நாள் மத்தியானம் ஏரியில் படகு விடக் கொண்டுபோனார்கள். ஒரு படகுக்கு இரண்டு பேர். ஆளாளுக்கு ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் எனக்கென்று நினைத்திருந்த பெட்டையளில் ஒருத்தி என்னிடம் ஓடி வந்தாள். வந்து, "உன்ரை தங்கச்சி எங்கே? அவள் வரேல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தானும் அவளும் சேர்ந்து படகு விடுவதாக எப்போதோ பேசி வைத்திருந்தார்களாம். எங்கள் வீட்டு ஊமை பேசியிருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் பேசியிருக்க வேண்டும்.

"அவளுக்கு வர விருப்பமில்லை" என்றேன். பொய் சொன்னது எனக்குச் சுடவில்லை. அவளை விசாரித்தார்களே, அதுதான் சுட்டது. இல்லாத இடத்திலும் முதல் சுளை அவளுக்குத்தான்.

அந்தப் பெட்டை வேறொருத்தியோடு போய்விட்டாள், கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். ரீச்சர் என்னோடு படகில் ஏறினார். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு அழுகை வந்தது. சின்ன அழுகை இல்லை, துடுப்பைப் பிடிக்க முடியாத அழுகை. ரீச்சர் பதறிப்போய், முதல்தரம் வீட்டை விட்டு வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், வீட்டு நினைவு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்.

நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓம், வீட்டு நினைவுதான் என்று நம்பினேன்.