கயல்விழியின் பேக்கேஜ்

என் மகள் எழுதிய நிரலை என் பெயரில் வெளியிட்டேன். திருடினேன் என்று எழுதக் கை வரவில்லை... ஆனால் அதுதான்.

உங்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஏக்கர், சென்ட், காணி, குழி என்று நில அளவுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேக்கேஜ் அது, டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். காணி ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கயல்விழி கல்லூரி விடுமுறை முழுவதும் ஸ்கூட்டியில் சங்கராபுரத்துப் பக்கமும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் விசாரித்துச் சேகரித்தாள். "இன்னா பாப்பா, எங்க நெலத்த அளந்து வித்துடலாம்னு பாக்கிறியா?" என்று ஒருவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சென்ட் கேட்கும் இடத்தில் ஏக்கரைக் கொடுத்தால் உடனே பிழை காட்டும்படி எழுதியிருந்தாள். இத்தனை வருடம் நிரல் எழுதும் வேலையில் இருக்கும் எனக்கு அது தோன்றியிருக்காது.

விடுதிக்குத் திரும்பும்போது கோப்புகளை என்னிடம் கொடுத்தாள். "ஒரு தடவ பாத்துட்டு நீயே நெட்ல போட்டு வுடுப்பா. நான் போட்டா எதனா தப்பாயிடும்."

பார்த்தேன். குறை ஒன்றுமில்லை. எழுதியவர் பெயருக்கான வரியில், தன் பெயரை அடுத்து நம் வழக்கப்படி என் பெயரையும் சேர்த்திருந்தாள்: கயல்விழி ரவிச்சந்திரன்.

அந்த வாரம்தான் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. அவள் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயம்... வேண்டாம், காரணம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. முன்னால் இருந்த பெயரை மட்டும் அழித்தேன். மிச்சம் இருந்தது நான். வெளியிட்டேன்.

அதைக் காட்டித்தான் அடுத்த வேலை கிடைத்தது. அவள் கவனித்துக் கேட்டபோது, அவசரத்தில் நேர்ந்தது, அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன் என்றேன். நம்பினாள்.

பிறகு கல்லூரிக்கு ஒரு நிறுவனம் ஆளெடுக்க வந்தது. இந்தப் பேக்கேஜ் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். அவள் எதிரிலேயே பேக்கேஜின் இணையப் பக்கத்தைத் திறந்தார்களாம். அப்பாவின் உழைப்பைத் தன்னுடையது என்கிறாயே என்று கேட்டார்களாம். பழைய கோப்புகளைக் காட்டி நிரூபித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவளையே கேட்டேன். எனக்கு எப்படி வாய் வந்தது!

"சொன்னா உன் வேல இன்னாவுறதுப்பா?" என்றாள்.

அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? கேட்கத் துணிவில்லை.

இப்போது சின்னசேலத்தில் ஒரு கணினி மையத்தில் பாடம் எடுக்கிறாள். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், குழியிலிருந்து சென்ட்டுக்கு மாற்றும் கணக்கில் ஒரு பிழை இருப்பதாகச் சொன்னாள். திருத்தும் வழியையும் சொன்னாள். நான் திருத்தினேன். தோளில் பையோடு என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயர் இருந்த வரி கண்முன் வந்தது. மேலே நகர்ந்து மறைந்தது. என் விரல் நிற்கவில்லை. புதிய பதிப்பை வெளியிட்டேன்.

அவள் பையைக் கழற்றி வைத்தாள். காபி போடவா என்று கேட்டாள்.

போடு என்றேன்.