மாமி அழுத கதைகள்

ஒரு மத்தியான வேளையில் பித்தளைக் கூஜா ஒன்று சுவரில் மோதி விழுந்த சத்தம்தான் எனக்கு ஸ்ரீரங்கத்தின் முதல் நினைவு. கல்யாணமாகிக் குடித்தனம் வைத்த புதிது. ஒரே வீட்டைத் தடுத்து இரண்டு குடித்தனம்; அந்தப் பக்கம் ஒரு கதாசிரியரும் அவர் மனைவியும். மாதம் ஒரு நாவல் எழுதி, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி அச்சாபீஸில் கொண்டு கொடுப்பவர் அவர். மாமி என்று நான் கூப்பிட்ட அவர் மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட.

கூஜா விழுந்ததும் மாமியின் அழுகை கேட்டது. "என்னை வேண்டாம்னா வெட்டிப் போட்டுடுங்கோ. பேசாம மட்டும் இருக்காதேங்கோ" என்றாள். அடுத்த மாதம் நாவல் வந்தது. தெருவுக்கே ஒரு பிரதிதான் வாங்குவோம். சாப்பாட்டுக் கடை முடிந்ததும் பெண்களெல்லாம் எங்கள் கூடத்தில் கூட, ஒருத்தி உரக்கப் படிப்பாள். அன்று படித்தது நான். கதாநாயகி கணவன் காலைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தைகளைச் சொன்னாள். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். "பொம்மனாட்டி மனசை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாளோ!" என்று ஒருத்தி வியந்தாள். மாமி தூணில் சாய்ந்து, போட்டிருக்கும் நகையைப் பிறர் மெச்சக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

போகப் போக எனக்கு வழக்கம் புரிந்துவிட்டது. எழுத்து ஓடாவிட்டால் சண்டை வரும். குழம்பில் உப்பு என்பார். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாள் எங்காவது போய்விடுவார். டவுனில் இன்னொருத்தி இருப்பதாகத் தானே சொல்லிவிட்டு, மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அழுது ஓய்ந்ததும் பேனாவை எடுப்பார். இந்தப் புண்ணியவானைத்தான் ஊர் தலையில் வைத்துக் கூத்தாடியது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், இதையெல்லாம் ஏன் சகித்துக்கொள்கிறீர்கள் என்று மாமியிடமே கேட்டேன். "போடி அசடே! ஆசை இல்லேன்னா என்னை ஏன் எழுதறார்? உங்காத்துக்காரர் உன்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்காரா?" என்று சிரித்தாள். அவர் கதைகளில் ஆசை வைத்தவள் ஒருத்தியாவது பிழைத்ததில்லை. அப்படி அழிந்துபோவதுதான் ஆசை என்று மாமி நம்பிவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு மாமிக்குப் பிள்ளை உண்டாகிக் குறையிலேயே கலைந்துபோயிற்று, ஜுரம் கண்டது. திருவெள்ளறையிலிருந்து அவள் அண்ணா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "கிளம்பும்மா. உடம்பு தேறினப்புறம் நானே கொண்டுவந்து விடறேன்" என்று கெஞ்சினார்.

"கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு அண்ணா. நான் போயிட்டா இவர் எப்படி முடிப்பார்?"

அண்ணா வெறும் வண்டியோடு திரும்பினார். ஜுரம் ஏறிக்கொண்டே போனது. டாக்டரை நாளைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றார் கதாசிரியர். காகிதமும் கையுமாகத் தலைமாட்டில் உட்கார்ந்து, "இப்போ மனசுல என்ன தோண்றது, சொல்லு" என்று கேட்டார். நான் கால்மாட்டில் இருந்தேன். மாமி அவரைப் பார்க்கவேயில்லை. சொன்ன பதிலை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் கண்ணை மூடிவிட்டாள். நாவல் தவறாமல் வந்தது. அதில் கதாநாயகி கணவன் மடியில் படுத்து, அடுத்த ஜன்மத்திலும் நீங்களே வேண்டும் என்று சொல்லிச் சாகிறாள். தெருவே கதறியது.

போன வாரம் என் மருமகள் எங்கிருந்தோ அந்த நாவலை வாங்கிவந்து, படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

"அப்போ மாமி நிஜமாவே கடைசியில இப்படித்தான் சொன்னாளாம்மா?"

"இல்லேடி. 'அண்ணாவை வண்டியோட வரச் சொல்லு, நான் போயிடறேன்'னா. அவர் காதுலயும் நன்னா விழுந்தது. அதை மட்டும் அவர் எழுதலே."