கடையிலேயே தங்கிவிட்ட கோழி

இப்போது அந்தக் கடைக்குள் போனால் ஐஸ் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். கண்ணாடிக்குப் பின்னால் இறைச்சியைப் பொட்டலம் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். கோழிக்கடை அக்கா வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். பழைய ஆள் யாராவது வந்து, "என்னக்கா, கடை ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு?" என்றால் சிரிப்பாள். "ஆமா, முன்னாடி கல்யாண வீடா இருந்துச்சு" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வீடேதான். காலையில் லாரி வந்து நின்றால் போதும், தெருவே அமளிதுமளிப்படும். வெள்ளைக் கோழிகள் கூண்டுக்குள் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு கத்துவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இறகு பிடுங்கும் மெஷின் ஒரு பக்கம் தடதடவென்று ஓடும். இந்த இரைச்சலுக்கு நடுவே ஆட்கள் கூண்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, நகை வாங்க வந்தவர்கள் மாதிரி கோழி பார்ப்பார்கள். "அது வேண்டாம், அந்த ஓரத்துல திரும்பி நிக்குதே, அதக் காட்டுங்க" என்பார்கள். அதைப் பிடித்துத் தூக்கினால், "இல்ல, மொதல்ல காட்டினதே பரவால்ல" என்பார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் புருஷனுக்கு வராது. "வாங்கறவங்க ஆசை அது. நமக்கென்ன, கையா வலிக்குது?" என்பார். வலித்ததென்னவோ அக்காவுக்குத்தான். பிடிப்பது அவள் வேலை, வெட்டுவது அவர் வேலை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் துணிக்கடையில் நின்றவள். புதுத் துணி வாசத்திலிருந்து கோழி வாசத்துக்கு வந்து விழுந்ததில் முதல் மாதம் சாப்பாடே இறங்கவில்லை. அவர்தான் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு இறக்கைகளையும் சேர்த்து இடுப்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையால் கண்ணை மூடினால் கோழி அடங்கிவிடும். "பயந்து சாகக்கூடாது, பாவம். நம்மால முடிஞ்ச மரியாதை அவ்வளவுதான்" என்பார். கோழி வெட்டுகிறவருக்கு இவ்வளவு ஈரமான மனசா என்று ஊர் கேலி செய்யும். அவருக்கு அது இருந்தது. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஒரு நாள் லாரியிலிருந்து இறக்கிய கூண்டில், வெள்ளைக் கோழிகளுக்கு நடுவே ஒரு பழுப்புப் பெட்டை நின்றுகொண்டிருந்தது. எந்தப் பண்ணையில் எப்படிக் கலந்ததோ தெரியவில்லை. சிறிய உடம்பு, நீண்ட கழுத்து. மற்றதெல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் விலாசம் தவறி வந்தவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தது. அவர் அதைத் தூக்கித் தரையில் விட்டார்.

"நீ வெட்டுக்கு வந்தவ இல்ல. விருந்தாளி. போய் உக்காரு" என்றார்.

அன்றிலிருந்து அதன் பெயர் விருந்தாளி. கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, அதுதான் அதன் ஜாகை. வாங்க வருகிறவர்கள், "விருந்தாளி எப்ப ஊருக்குக் கிளம்புது?" என்று கேட்காத நாள் இல்லை. "உங்க வீட்டுக்கு வரேங்குது, சட்டியோட காத்திருக்காதீங்க" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். லாரி லாரியாகக் கோழிகள் வந்தன, போயின. விருந்தாளி மட்டும் அசையவில்லை. கூண்டுகளுக்குக் கீழே சிந்தின தீவனத்தைக் கொத்தும், எல்லாக் கோழிகளும் குடிக்கிற தொட்டியில் தானும் குடிக்கும், சாயங்காலம் ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டிக்குள் போய் அடைந்துகொள்ளும்.

அந்தத் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து வரும் கோழிகள் சில நாள் சோர்ந்துபோய்க் கழுத்தைத் தொங்கப்போட்டு நிற்கும். தீவனக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பொடி கிடைக்கும். சீட்டும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், கேட்டால் கொடுப்பார்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு கை அள்ளிப் போட்டால் மறுநாள் கோழிகள் நிமிர்ந்து நிற்கும். எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்றெல்லாம் யார் கண்டது? நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். தெருவில் இருந்த கோழிக்கடைகள் எல்லாவற்றிலும் அதே கதைதான். விருந்தாளி மட்டும் கொஞ்சம் சலுகை பெற்றவள். அது தும்மினால் போதும், அவர் ரொட்டித் துண்டில் பொடியைத் தொட்டுத் தன் கையாலேயே ஊட்டுவார். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று அக்கா சொல்வாள். பிள்ளை இல்லாத வீடு அது.

பிறகு ஒரு முற்பகலில், கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அக்கா கடையை மூடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கத்தியைக் கையில் எடுத்தாள். முதல் நாள் வெட்டும்போது கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் கை ஒழியவில்லை. அன்று முழுக்க விருந்தாளி வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆளைத் தேடுகிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். கோழிக்கு அவ்வளவு தெரியுமா என்று கேட்டால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் அதோடு பேச ஆரம்பித்தது அப்போதுதான். அது தும்மினால் இப்போது அவள் ரொட்டித் துண்டில் பொடி தொட்டாள்.

எதிரே தையல் கடை. தையல்காரர் அவள் புருஷனுக்கு உயிர்ச் சிநேகிதர். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். விருந்தாளிக்கு அங்கே இரண்டாவது வீடு. மத்தியானம் தெருவைக் கடந்து போய், தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் படுத்துக்கொள்ளும், சில நாள் அவர் மடியிலேயே ஏறிக்கொள்ளும். அவர் உள்ளங்கையில் ரொட்டியைப் பிய்த்து வைத்துக் கொத்த விடுவார். அப்புறம் நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோப்பார். அவரும் பேசிக்கொண்டேதான் தைப்பார், அதுவும் கொக்கொக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தத் தையல்காரர்தான் ஒரு நாள் காய்ச்சலில் விழுந்தார். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. வேறு மருந்து மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அக்கா போய்ப் பார்த்தபோது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். "தங்கச்சி, எடுத்த அளவெல்லாம் வீணாப் போச்சு போல. என் சட்டையே எனக்குப் பெருசா இருக்கு" என்று அந்த நிலையிலும் கிண்டல் செய்தார். அவள் சிரித்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த மனிதரும் அந்தக் கோழியும்தான்.

கடைசியாக ஒரு மருந்து பிடித்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கிருமியின் பெயர் சால்மோனெல்லா என்று கண்டுபிடித்து, அது கோழிகளிலிருந்து வருவது என்றும் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாரமே கால்நடை டாக்டரம்மா ஒருத்தி கையுறையும் பஞ்சுக் குச்சிகளுமாகக் கோழிக்கடைக்கு வந்து இறங்கினாள். நடுத்தர வயசு, நிதானமான பேச்சு. கூண்டு, தொட்டி, வெட்டுக்கட்டை, மெஷின், சாக்கடை வாய் என்று எல்லா இடத்திலும் குச்சியைத் தேய்த்து எடுத்துப் போனாள். எல்லாவற்றிலும் அதே கிருமி இருந்தது.

"நம்ம கிட்ட இருக்கற மருந்துல முக்காவாசிக்கு இந்தக் கிருமி மசியாதுக்கா" என்றாள் டாக்டரம்மா. "அரைகுறையா மருந்து போட்டா சாகாம தப்பிச்சது மட்டும் பெருகும். அப்புறம் அந்த மருந்து கேக்காது. பொடி ஏதாவது தண்ணியில கலப்பீங்களா?"

"எல்லாரும்தான் கலக்கறாங்க" என்றாள் அக்கா.

"இனிமே வேண்டாம். இருக்கற கோழியெல்லாம் அழிச்சிட்டு, கழுவிக் காய விடுங்க. சுத்தமான பண்ணையிலிருந்து புதுசா எடுங்க. அப்பவும் கிருமி இருந்தா, உயிர்க்கோழி வெச்சு விக்கறத நிறுத்தறதத் தவிர வழி இல்ல."

அழிப்பது என்றதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலமே விருந்தாளியைக் கூடையில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறையில் விட்டாள். கோழியை வெட்டி விற்கிறவள் கோழியை ஒளித்து வைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆட்கள் வந்து கூண்டுகளைக் காலி செய்தபோது அவள் கணக்காக எல்லாவற்றையும் காட்டினாள். கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்த மரப்பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

கழுவு கழுவென்று கழுவினாள். சுண்ணாம்பு அடித்தாள். கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கட்டை வாங்கினாள். வெயிலில் காய்ந்த கடை கண்ணாடி மாதிரி பளபளத்தது. சோதித்துப் பார்த்த புதுக் கோழிகள் வந்து இறங்கின. அன்றைக்கே விருந்தாளியும் கூடையிலிருந்து இறங்கி, எதுவும் நடக்காதது மாதிரி உடம்பைச் சிலிர்த்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா வந்து எடுத்துப் போன குச்சிகளில் அதே கிருமி மறுபடியும் இருந்தது.

அவளே நேரில் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள். "புரியலக்கா. கோழி புதுசு, பண்ணை புதுசு, கட்டை புதுசு. எதையாவது மாத்தாம விட்டீங்களா? கழுவறதுக்கு முன்னாடி இருந்தது ஏதாவது இன்னும் இங்க இருக்கா?"

'இல்லை' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள்.

எதிர்க்கடையில் தையல்காரர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சட்டைக்குள் எலும்பு மட்டும் நடமாடியது. அவர் மடியில் விருந்தாளி. உள்ளங்கையில் இருந்த ரொட்டியை அது கொத்தி முடித்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நூலை எடுத்து, அதன் நுனியை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"அண்ணே!"

அவள் போட்ட சத்தத்தில் கூண்டுகளே அடங்கிப்போயின. தெருவைக் கடந்து ஓடினாள். நூலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"என்ன தங்கச்சி? என்ன ஆச்சு?"

"கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. மொதல்ல கழுவுங்க. இவள நான் எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு? இப்பதானே வந்தா..."

விருந்தாளியை அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

டாக்டரம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "நல்லாத்தான் இருக்கும்க்கா. கிருமி உள்ள இருந்தாலும் தனக்கு ஒண்ணும் வராது, எச்சத்துல பரப்பிக்கிட்டே இருக்கும். இன்னும் மருந்து கொடுத்தா கிருமிதான் பலமாகும்" என்றாள். பிறகு மெதுவாக, "குச்சியில எடுத்துப் பாத்தா ஒரு நாள் கிருமி தெரியும், ஒரு நாள் தெரியாது. உள்ளுறுப்பப் பாத்தாத்தான் உறுதி. ஊசி இருக்கு. நான் போட்டுடறேன், நீங்க வெளியே இருங்க" என்றாள்.

"ஊசின்னா பயப்படும். அவளுக்குப் பழக்கமில்ல" என்றாள் அக்கா. "என் கை பழக்கம்."

ஷட்டரைப் பாதி இறக்கினாள். இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அணைத்தாள். கண்ணை மூடினாள். விருந்தாளி அடங்கியது. "அவர் வந்து கேட்டா நான் என்னடி சொல்வேன்?" என்று அதனிடமே கேட்டாள். பிறகு செய்தாள்.

டாக்டரம்மா கையுறை கொடுத்தாள். அக்கா மாட்டிக்கொண்டு தானே திறந்தாள். உள்ளே ஏதாவது அழுகியிருக்கும், ஒரு புள்ளியாவது, ஒரு வெளுப்பாவது இருக்கும் என்று தேடினாள். இருந்தால் மனசு ஆறிவிடும் என்று இருந்தது. ஒன்றும் இல்லை. ஈரலை வெளியே எடுத்தாள். ஒழுங்கான ஓரம், வழவழப்பு, ஆழ்ந்த சிவப்பு. இத்தனை வருஷத்தில் கையில் எடுத்த எந்த ஈரலும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. சற்று நேரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"டாக்டரம்மா, இப்படி ஒரு ஈரல் கெடச்சா நான் விக்கவே மாட்டேன்" என்றாள். "எடுத்து வெச்சு, எதிர்க்கடை அண்ணனுக்குக் கொடுப்பேன்."

டாக்டரம்மா பையை நீட்டினாள். அக்கா அதை உள்ளே போட்டாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். அப்புறம் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அண்ணனிடம் சொல்வதற்காகத் தெருவைக் கடந்து போனாள்.