நான் போகாத திருவிழா

வெளிநாட்டில், நோபல் பார்க் என்ற இடத்தில் இருக்கிறேன்; இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இங்குள்ள கோயிலில் அன்னதானத்துக்குச் சமைப்பேன்; அதைப் பற்றிக் கோயிலின் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். மறுக்கவும் கூச்சம். கைப்பேசியில் ஏஐ-யிடம் சில வரிகள் சொன்னேன். உடனே அழகான கட்டுரை வந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, என் படத்தோடு அனுப்பினேன்.

மறுநாள் அறைத்தோழர் ரவியண்ணையிடம் பெருமையாகக் காட்டினேன். வாசித்தவர் சிரித்தார்.

"டேய், வருசா வருசம் ஊர்த் திருவிழாவுக்குப் போய்ச் சமைக்கிறனியாம். எனக்குத் தெரியாமல் எப்பயடா போறனி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் சொல்லாத வரி; ஏஐ தானாகச் சேர்த்தது. நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் அகதி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அந்த வரி என் பெயரோடு அச்சானால் யார் என்னை நம்புவார்கள்?

மலர்ப் பொறுப்பாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேலையில் கை ஓடவில்லை. கழிவறைக்குப் போய்ப் போய் அழைத்தேன். மாலையில்தான் கிடைத்தார்.

"இன்னும் அச்சுக்குக் குடுக்கேல்லை தம்பி. நல்ல வசனமெல்லே, ஏன் வெட்டச் சொல்லுறீர்?"

"அண்ணை, நான் போகேல்லை. போகவும் ஏலாது."

"சரி, வெட்டிறன்" என்றார்.

இப்போதும் ஏஐ-யிடம் உதவி கேட்கிறேன். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே என்று முதலிலேயே சொல்கிறேன். அதையும் நம்பாமல், ரவியண்ணையை ஒவ்வொரு வரியாக உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே அனுப்புகிறேன். இதையும் வாசித்துவிட்டார். என் பெயரை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம்.