பேசிக்கிட்டே ஏறுங்கண்ணே

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில், போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலை ரோட்டில் நடந்தது இது.

நான் போடிநாயக்கனூரில் ஆண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவன். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிடத்தான் எழுவேன். திரும்ப உட்கார்ந்தால் கடை அடைக்கிற நேரம்தான். முன்பெல்லாம் காலாவது பெடலை மிதித்துக்கொண்டிருக்கும். மிஷினுக்கு மோட்டார் மாட்டியதிலிருந்து அதற்கும் வேலை இல்லாமல் போனது. எதிரே இருக்கும் டீக்கடைக்குக்கூட நான் போவதில்லை, டீ என்னைத் தேடி வரும். அடுத்த தெருவுக்கு என்றாலும் பைக்தான்.

அந்த வருஷம் சித்திரை மாசம் ஒரு பேண்ட் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சை யாரோ உள்ளே கை விட்டு முறுக்குவது போல இருந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடைப்பு எடுத்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். முதலில் வீட்டுக்குள், அப்புறம் தெருவில், கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள், படுத்தே கிடக்காதீர்கள் என்றார். ஆனால் கார் போடிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் எல்லோர் காதிலும் மிச்சமிருந்தது ‘ஜாக்கிரதை’ என்ற ஒரே வார்த்தைதான்.

மாடியில் இருந்த என் கட்டில் கீழே வந்தது. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் மனைவி ஓடி வந்து பிடுங்குவாள். மகன் பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் தன் வேலை என்று ஆக்கிக்கொண்டான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் இருந்தேன். படுத்தால் என் நெஞ்சுத் துடிப்பை நானே கேட்டுக்கொண்டு கிடப்பேன். மாடிப்படிக்கு முன்னால் போய் நிற்பேன். ஏறினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று திரும்பி வந்துவிடுவேன்.

புரட்டாசியில் செக்கப்புக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது, தினமும் நடக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, “ஒரு சோலியும் செய்ய விடுறதில்ல சார், பூ மாதிரி வச்சிருக்கோம்” என்று பெருமையாகச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் மகளை மலை மேலே சாந்தம்பாறைப் பக்கம் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குச் சின்னதாக ஏலத்தோட்டம் இருக்கிறது. இரண்டு பேரும் பாடுபட்டு அங்கேயே ஒரு வீடு கட்டி, ஐப்பசியில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். மகள் போனில் சொல்லிவிட்டாள்.

“குளிரு, மல ஏத்தம், உங்களுக்கு ஒத்துக்கிறாதுப்பா. வீடியோ கால்ல எல்லாத்தையும் காட்டுறேன். பெறகு ஒருநா கார் வச்சு நாங்களே கூட்டிட்டு வர்றோம்.”

முதல் நாளே மனைவியும் மகனும் கிளம்பிப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பி குடும்பம் பொறுப்பு.

மறுநாள் காலையில் தம்பி பெஞ்சாதி வைத்துவிட்டுப் போன இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் வாசலில் மாவிலை கட்டிய போட்டோ அனுப்பியிருந்தாள். அவளுடைய முதல் பள்ளிக்கூட யூனிபாரத்திலிருந்து கல்யாணத்தன்று மாப்பிள்ளை போட்ட சட்டை வரைக்கும் தைத்தவன் நான். இன்றைக்கு என்னைச் செல்போனுக்குள் உட்கார வைத்துப் பால் காய்ச்சப் போகிறார்கள் என்று நினைத்ததும் இட்லி உள்ளே இறங்கவில்லை. சட்டையை மாட்டினேன். துண்டை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று தம்பி பெஞ்சாதியிடம் மகள் வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தம்பியைக் கூப்பிடுவதற்குள் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. வெளியே மூட்டம். போடிமெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பஸ் நின்றது. மண்ணோடு சேர்ந்து ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை.

டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “மரம் அறுக்க ஆளு வரணும். எப்படியும் மத்தியானம் ஆயிரும். மேடு பக்கந்தான், நடக்கிறவுக நடந்துருங்க. அங்க ஜீப்பு கெடைக்கும்.”

எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தின் ஓரமாக ஏறிக் குனிந்து போனார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். செல்போனில் சிக்னல் இல்லை. வந்தது தப்போ என்ற பயம் மெல்லப் பிடித்தது.

“நீங்க எறங்கலையாண்ணே?”

எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து வந்த பெண்மணிதான் கேட்டார். நாற்பது வயது இருக்கலாம், கையில் இரண்டு துணிப்பைகள். என் நிலைமையைச் சொன்னேன். அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு எதிர் சீட்டில் உட்கார்ந்தார். மலையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாராம், லீவு முடிந்து திரும்புகிறாராம். ஸ்டென்ட் எப்போது வைத்தது, கடைசி செக்கப்பில் என்ன சொன்னார்கள், அதற்குப் பிறகு வலி வந்ததா, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கைவசம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“சாரமில்லண்ணே, பயப்படாதீங்க. எனக்குத் தப்பா ஒண்ணும் தெரியல. ஆனா நான் டாக்டர் இல்ல. இங்கயே ஒக்காரணும்னு தோணுனா ஒக்காருங்க, மரம் எடுக்குறவரைக்கும் நானும் இருக்கேன். நடக்கணும்னு தோணுனா நானும் கூட வர்றேன்.”

ஆறு மாசமாக என்னிடம் யாரும் ‘உனக்கு எப்படித் தோணுது’ என்று கேட்டதில்லை. நான் இறங்கினேன்.

“பேசிக்கிட்டே ஏறுங்கண்ணே” என்றார். “பேச முடியுதுன்னா வேகம் சரியா இருக்குன்னு அர்த்தம். பேச மூச்சு பத்தலையா, நின்னுருங்க. நெஞ்சு வலிச்சாலோ தல சுத்துனாலோ ஒடனே சொல்லணும், மறைக்கப்படாது.”

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது தையல்தான். சட்டைக் காலர் ஏன் சுருங்குகிறது, தோள் அளவு தப்பினால் கை ஏன் தூக்க வராது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். முதல் வளைவில் ஏற்றம் கூடியதும் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பேச்சு நின்றது. அங்கே இருந்த சின்னப் பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“என்ன பண்ணுது?”

“அடிக்குதும்மா.”

“வலி?”

“வலி இல்ல. அடிக்குது.”

“ஏறுனா அடிக்கத்தான செய்யும்? எனக்கும் அடிக்குது, பாருங்க” என்று தன் கையை நீட்டினார்.

அளவு எடுத்துப் பழகிய விரல்கள் என்றாலும் தயக்கமாக இருந்தது. அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்தேன். என்னுடையதைப் போலவே, ஓடுகிற குதிரை மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. எத்தனை மாசமாக அந்தத் துடிப்பை வியாதி என்றே நினைத்திருந்தேன்! நோய் நொடி இல்லாத ஒரு மனுஷிக்கும் மலை ஏறினால் நெஞ்சு இப்படித்தான் அடிக்கிறது என்பது, அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

மூச்சு அடங்கும்வரை நின்றோம். பிறகு பைய நடந்தோம். கொஞ்ச தூரம், ஒரு நிற்றல், மறுபடி கொஞ்ச தூரம்.

இரண்டாவது வளைவு தாண்டியதும்தான் அது நடந்தது. மேலிருந்து ஒரு பைக் மூட்டத்துக்குள்ளிருந்து சட்டென்று வந்தது. ஒதுங்குவதற்காக அவர் ஓரத்துக்குக் கால் வைத்தார். பாசி பிடித்த கல் வழுக்கி, கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வலியில் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு என் நெஞ்சு மறந்துபோனது. என் துண்டை எடுத்தேன். எங்கிருந்து சுற்ற வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, பாதத்திலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினேன். துணியோடு பழகிய கை, கட்டு நன்றாகவே உட்கார்ந்தது. பின்னால் வேறொரு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒரு பயணி, கனமான பையை மேட்டு டீக்கடையில் வைத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு பையை நான் எடுத்தேன்.

“வேணாண்ணே, நீங்க வெயிட்டு தூக்கப்படாது” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வீட்டு ஆளு மாதிரியே பேசுறீகளேம்மா. ரெண்டு சேலதான கெடக்கு இதுல? எந்திரிங்க, தோளப் பிடிச்சுக்கங்க.”

ஓரத்தில் கிடந்த கம்பு ஒன்றை ஒரு கைக்குக் கொடுத்து, இன்னொரு கைக்கு என் தோளைக் கொடுத்தேன். அவர் நொண்டிக்கொண்டு வந்ததால் நடை தானாகவே மெதுவாகிவிட்டது. இப்போது அவரைப் பேச வைப்பது என் வேலையானது. வலி தெரியாமல் இருக்க, எஸ்டேட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டம் விலகி மேட்டுக் கடைகளின் தகரக் கூரைகள் தெரிந்தபோதுதான், வெகுநேரமாக நான் என் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவே இல்லை என்று உறைத்தது.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். எஸ்டேட்டுக்குப் போன் செய்ததும் அவரை அழைத்துப் போக ஜீப்பு அனுப்பினார்கள். அது வரும்வரை இரண்டு பேரும் டீ குடித்தோம். கிளம்பும்போது, “நாளைக்கே உங்க டாக்டருக்குப் போன் போட்டு இன்னிக்கு நடந்ததச் சொல்லணும். இது பெரிய ஏத்தம், இத வச்சு ஆரம்பிக்கப்படாது. சமதளத்துல ஆரம்பிங்க” என்று கண்டிப்பாகச் சொன்னார். பெயரையும் சொன்னார். எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

மகள் வீடு ரோட்டிலிருந்து மேலே, சரிவில் இருக்கிறது. மண்ணில் வெட்டிய படிகள். மேட்டில் பிடித்த வாடகை ஜீப்பிலிருந்து இறங்கி, நின்று நின்று ஏறினேன். பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. என்னை முதலில் பார்த்தவள் மகள்தான். கையில் இருந்த வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“யார் கூடப்பா வந்தீங்க? எப்பிடி வந்தீங்க?”

“பஸ்சுல வந்தேன். பாதி நடந்தேன்.”

அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பால் காய்ச்சுகிற நேரம் எப்போதோ போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் மகளின் மாமியார் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். “எங்க வீட்ல ரெண்டு தடவ பால் பொங்குனா யாரு கேக்கப் போறா? சம்பந்தி வாங்க” என்று கூப்பிட்டார். நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பால் நுரைத்துப் பொங்கி வழிந்தது.

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தேன். எடுத்த எடுப்பில் மலை ஏறியதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேரில் வரச் சொல்லி, ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் நடக்க வைத்துச் சோதித்துப் பார்த்து, எவ்வளவு நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். முதலில் எங்கள் தெருமுனை வரைக்கும்தான். இப்போது மனைவியும் கூட வருகிறாள், முட்டி வலி குறைந்திருக்கிறது என்கிறாள். என் கட்டில் மறுபடி மாடிக்குப் போய்விட்டது. துணி வெட்டும் மேஜையை உயர்த்திக்கொண்டு நின்றபடியே வெட்டுகிறேன், ஒரு சட்டை தைத்து முடிந்தால் எழுந்து கடைக்கு வெளியே ஒரு சுற்றுப் போய் வருகிறேன். நடைக்கென்று தனி உடுப்பும் கிடையாது, தனி இடமும் கிடையாது. நாளின் ஊடே அங்கங்கே உடம்பை அசைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நர்சம்மாவின் கால் சில வாரத்தில் சரியாகிவிட்டது. தீபாவளிக்குப் போன் செய்தால், எடுத்ததும் இன்றைக்கு நடந்தீர்களா என்றுதான் கேட்பார்.

உடம்பைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த ஆறு மாசமும் நான் உயிரோடுதான் இருந்தேன், என் வாழ்க்கைதான் நான் இல்லாத இடங்களில் நடந்துகொண்டிருந்தது. இப்போது காலையில் மனைவியோடு தெருவில் இறங்கும்போதெல்லாம், அதைத் தேடி என் காலாலேயே போகிறேன் என்கிற சந்தோஷம் ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கிறது.