மார்த்தாவுக்கு உயிர் கொடுங்கள்

திங்கட்கிழமை காலை. உக்குவளையில் என் கடையின் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைப் படியில் ஒரு ஆள் தலையோடு சால்வையை மூடிக்கொண்டு குந்தியிருந்தார்.

“யாரு?” என்றேன்.

சால்வை விலகியது. கண்ணில் மை. உதட்டில் சிவப்பு. ஒரு கன்னத்தில் ரோஸ் பவுடர், மறு கன்னத்தில் கரி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாரிமுத்து! முஸ்லிம் கடைக்காரனான என்னை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

“நானா, நான் செத்துப்போயிட்டேனாம். எப்பிடியாச்சும் எனக்கு உயிர் குடுத்துருங்க...”

கையிலிருந்த பலகை நழுவி என் காலிலேயே விழுந்தது. இன்னும் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனிதனிடம் கேட்கிற சாமானா இது? அதுவும் இரும்புக் கடைக்காரனிடம்! ஆணி கேட்கலாம், மண்வெட்டி கேட்கலாம். உயிர் அந்தப் படைத்தவனிடம் மட்டும்தானே இருக்கிறது?

கொஞ்ச நாளாக நான் பேய் வளர்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாரிமுத்துவின் தோட்டத்து வாலிபர் சங்கம் ஒரு தொடர் நாடகம் கேட்டது. ஞாயிறு பின்னேரம் ஒரு பாகம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். எழுதினேன். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து. பனி மூடிய ஒரு மாளிகை. பூட்டிய மேல்மாடி. பகலில் வெளியே தலைகாட்டாத ஒரு பிரபு. அந்த மாளிகையைக் கூட்டிப் பெருக்க மார்த்தா என்று ஒரு வேலைக்காரி.

பிரபுவாக நடித்தவர் தோட்டத்துக் கிளாக்கர் சிவலிங்கம். கறுப்புக் கோட் அவரிடம்தான் இருந்தது. மார்த்தாவாக நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. கொழுந்துக் கூடை சுமந்து தழும்பேறிய தோளோடு மாரிமுத்து கவுன் மாட்டிக்கொண்டார். ஜன்னல்களைத் தேயிலைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கினோம். லண்டன் பனிக்குச் சாம்பிராணிப் புகை. பிரபு வரும்போதெல்லாம் கோயில் வாசம் வரும், என்ன செய்ய?

எனக்குக் கதைப்பின்னல்தான் உயிர். சாவி யாரிடம்? சுவரில் இருக்கும் இரத்தம் யாருடையது? பிரபு மனிதனா, பேயா? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரையை இறக்குவேன். மார்த்தாவுக்கு நான் எழுதியதெல்லாம் ஒரே வசனம்: “உத்தரவு பிரபுவே!” மெழுகுதிரி ஏந்தி வர வேண்டும், போக வேண்டும். அவ்வளவுதான்.

இந்த மாரிமுத்து சும்மா இருந்தாரா? மெழுகுதிரியோடு வந்தவர் நடுமேடையில் நின்று, “ஏறி ஏறி முட்டி தேஞ்சு போச்சு ஆத்தா” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் இல்லாத நாய்க்கு இல்லாத பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். அதற்கடுத்த வாரம் பிரபுவின் கோட்டைத் தோய்த்துக்கொண்டே ஒரு தாலாட்டு! “என் பேயைக் கெடுக்கிறியே மாரிமுத்து” என்று திட்டினேன். “சும்மா நிக்க வெக்கமா இருக்குங்க நானா” என்றார்.

போன ஞாயிறு கடைசிப் பாகம். பேயை அழிக்க நெருப்பு ஒன்றுதான் வழி. நெருப்பை உள்ளே நின்றுதான் மூட்ட முடியும். மார்த்தா மூட்டுகிறாள். பெற்றோல்மெக்ஸ் விளக்கின் முன்னால் சிவப்புக் கடதாசி பிடித்தோம். பிரபு சாம்பல். மார்த்தாவும் சாம்பல். திரை!

கைதட்டல் இல்லை. ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை. ஆகா... வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். அவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பது மறுநாள் கடைப் படியில்தான் தெரிந்தது.

மார்த்தாவை எழுப்புவார்கள் என்று காத்திருந்தார்களாம்!

மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். ரதி அழுது புலம்பி வரம் கேட்பாள். எரிந்தவனை எழுப்பிய பிறகுதான் கூத்து முடியும். எழுப்பாமல் விட்டால் ஊருக்கு ஆகாது, வேஷம் கட்டியவன் வீட்டுக்கு அதைவிட ஆகாது. நானோ வாழ்நாள் முழுவதும் அந்தத் தப்பு மேளச் சத்தத்தைத் தூரத்தில் இருந்து கேட்டவன். எரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்!

மாரிமுத்துவின் மனைவி பாக்கியம் கதவைத் திறக்கவில்லை. “எரிஞ்ச ஆளு எரிஞ்ச ஆளாவே வாசப்படி ஏறக்கூடாது” என்றுவிட்டாளாம். அவள் நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மாரிமுத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராத் தாழ்வாரத்தில் படுத்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். எழுப்பாமல் வேஷத்தைக் கலைக்கவும் அனுமதி இல்லை.

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “தௌபா... கத எழுதிக் கொன்னது நீங்கதானே? நீங்களே போய்ச் சரிக்கட்டிட்டு வாங்க” என்றாள். கடையை அவள் தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யார் உட்காருவார்கள்?

லயத்து வீட்டு வாசலில் பாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது வீங்கிய கண்.

“இது கூத்து இல்லை தங்கச்சி, நாடகம். அவள் இங்கிலாந்துக்காரி” என்றேன்.

“நெருப்பு எல்லாருக்கும் நெருப்புதானே நானா? அந்தப் புள்ள என்ன தப்புச் செஞ்சிச்சு?”

“ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அவள் எரிந்தால்தான் பிரபு பேய் என்கிற மர்மம் வெளியே வரும். கதைக்கு அது வேண்டும்.”

“அது பேயுன்னு மொத வாரமே தெரியுமுங்களே! சாம்பிராணி போட்டா வருது, அது பேயில்லாம தொரையா?”

முடிச்சு மேல் முடிச்சாகப் போட்ட என் மர்மம்... முதல் வாரமே தெரியுமா?

“அப்ப ஏன் வாரா வாரம் வந்தீங்க?”

“மார்த்தாவப் பாக்கத்தான். முட்டி வலி தேவலையா, அந்த நாயி என்ன ஆச்சு, அதுங்களத்தான் பாக்க வந்தோம். நெருப்பு வச்சீங்களே, அந்த நாயி எங்க போச்சுன்னாச்சும் சொன்னீங்களா?”

நாயா? நான் நாயே எழுதவில்லையே!

வாதாடிப் பயனில்லை. வயிற்றுப் பிள்ளைக்காகப் பயந்து நிற்கிறவளிடம் என்ன இலக்கணம் பேசுவது? கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் கூடையை இறக்காமலே வந்து சேர்ந்தார்கள். பிரட்டுக்களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே இடத்தில், மாரிமுத்துவைப் படுக்க வைத்து வெள்ளை வேட்டியால் மூடினார்கள். மூடிய வெள்ளைத் துணியைப் பார்த்தால் அது நாடகமாகத் தெரியவில்லை.

தப்படிக்கும் பெரியவர் என்னிடம் வந்தார்.

“ரதி கேட்டாத்தான் மன்மதனுக்கு உயிர் வரும். இந்தப் புள்ளைக்காக யாருங்க நானா கேக்கணும்? ஆத்தாளா? புருசனா? கூடப் பொறந்தவளா?”

அந்தக் கேள்வியில்தான் நான் உண்மையாகவே அதிர்ந்துபோனேன். பேய், இரத்தம், நெருப்பு எல்லாம் எழுதியபோது வராத அதிர்ச்சி. மார்த்தாவுக்கு யாரும் இல்லை. நான்தான் அப்படி எழுதினேன். அநாதை என்று வைத்தால் வசதி பாருங்கள்... செத்தாலும் தேடி வர ஆளில்லை, ஏன் என்று கேட்க ஆளில்லை, கதை தங்குதடையில்லாமல் ஓடும். ஒரு உயிரை என் வசதிக்கு அப்படி வெட்டி எடுத்திருக்கிறேனே என்று நினைக்கவே கூசியது.

“யாருமில்லை...” என்றேன். வேறு என்ன சொல்வது?

கூட்டத்தில் ஒரு முனகல். “அநாதப் புள்ளையவா எரிச்சாங்க!” என்று யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. தப்பு நின்றுவிட்டது. கேட்க ஆளில்லாதவளுக்கு எப்படி உயிர் வரும்? மாரிமுத்துவின் நெஞ்சுமேல் வேட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அப்போது பாக்கியம் லயத்திலிருந்து இறங்கி வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, யார் கையையும் பிடிக்காமல். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் பெயரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

“மார்த்தா...” என்றாள்.

மூடிய வேட்டியின் மேல் கையை வைத்தாள்.

“மார்த்தா, நான் கேக்குறேன்டி. எந்திரி. உனக்கு ஒருத்தரும் இல்லைன்னு யாரு சொன்னா? நாங்க இருக்கோம். அந்த வூட்டுல நீ கூட்டிப் பெருக்குனது போதும். எந்திரிச்சு வா!”

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அழுதேன். தப்பு முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். வேட்டியை உதறிவிட்டு எழுந்தது மாரிமுத்துவா, மார்த்தாவா? முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “ஏறி ஏறி முட்டி தேஞ்சு போச்சு ஆத்தா” என்றது. சிரிப்பும் அழுகையுமாகப் பிரட்டுக்களம் அதிர்ந்தது. எரிந்தவள் எப்படி எழுந்தாள் என்று ஒரு ஆள்கூடக் காரணம் கேட்கவில்லை. பாக்கியம் முந்தானையால் அந்த மையையும் கரியையும் துடைத்தாள். அதற்குள்ளிருந்து மாரிமுத்து வந்தார். இருவருமாக வாசற்படி ஏறிப் போனார்கள்.

கதைப்பின்னல், முடிச்சு, மர்மம் என்று நாங்கள் எழுத்தாளர்கள் எவ்வளவு பெருமை பேசுகிறோம்! சனங்கள் முடிச்சை அவிழ்க்க வருவதில்லை. யாருக்கு முட்டி வலிக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள். எனக்கு இது தெரிய ஒரு கொலையும் ஒரு உயிர்ப்பும் தேவைப்பட்டன.

பஸ்ஸுக்கு நின்றேன். கிளாக்கர் சிவலிங்கம் கறுப்புக் கோட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். நாடகத்தின் முக்கால்வாசி வசனத்தை நான் எழுதிக் கொடுத்தது அவருக்குத்தான். ஞாயிறு ராத்திரி வீட்டுக்குப் போனவரை யாரும் தடுக்கவில்லை, சோறு போட்டிருக்கிறார்கள், தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறார். முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது.

“நானா... நானுந்தானே எரிஞ்சேன்? என்னைய எழுப்பணும்னு ஒருத்தருக்கும் தோணலையே!”